எண்ணூறு மீற்றருக்குப் பிறகு

ஆலங்குடாவில் மர்ஷூதா என்று கேட்டால் எந்த மர்ஷூதா என்பார்கள். ஓடுற மர்ஷூதா என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். அவள் கடைசியாகப் பந்தயத்தில் ஓடி ஐந்து வருடங்களாகின்றன. பெயர் மட்டும் மாறவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

என் பெயர் அமானி. நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தோம். இப்போது நான் அதே பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்பது எனக்கே சந்தேகம். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

அவளுடைய குடும்பம் மன்னாரில் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தது. தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவளுக்கு இரண்டு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பிறகு என் வாப்பாவின் தென்னந்தோட்டத்தில் போட்ட ஓலைக் கிடுகுக் கொட்டில்களில் ஒன்றில் அவள் வளர்ந்தாள். நாங்கள் ஊர்க்காரர், அவர்கள் அகதிகள். சின்ன வயதில் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பதினான்கு வயதில் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓடினாள். நானும் அதே ஓட்டத்தில் நின்றேன். முதல் சுற்றில் அவளுடைய முதுகைப் பார்த்தேன், இரண்டாவது சுற்றில் அதையும் காணவில்லை. அதற்குப் பிறகு வலயம், மாவட்டம், மாகாணம் என்று போய்க்கொண்டே இருந்தாள். பத்தொன்பது வயதில் ஜா-எலப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலை அவளைத் தன் விளையாட்டு அணியில் சேர்த்துக்கொண்டது. காலையில் பயிற்சி, பகலில் தைத்த சட்டைகளைப் பரிசோதிக்கும் வேலை, பின்னேரம் மறுபடியும் பயிற்சி. பன்னிரண்டு வருடங்கள் அப்படியே போயின. நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளில் மூன்று தடவை இரண்டாவதாக வந்தாள். ஒரு தடவை தேசிய அணித் தெரிவு வரைக்கும் போய், ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்தில் விட்டுவிட்டாள். அந்த வருடங்களில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்றுநர் எழுதிக் கொடுப்பதுதான். என்ன செய்வது என்று தானாக யோசித்த நாளே தனக்கு நினைவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

முப்பத்தொரு வயதில் ஒரு பயிற்சி நாளில் வளைவைத் தாண்டும்போது யாரோ பின்னாலிருந்து குதிகாலில் கல்லால் அடித்தது போலிருந்ததாம். கோபத்தோடு திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை. கால் கீழே ஊன்றவில்லை. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை, பிறகு ஆறு மாதம் நடக்கப் பழகியது. நடக்க முடிந்தது, ஓடவும் முடிந்தது. ஆனால் பந்தயத்துக்கு ஓடும் ஓட்டம் திரும்பி வரவில்லை. நிறுவனம் அவளைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றியது. நாட்டில் எல்லாமே தட்டுப்பாடான வருடத்தில் அந்தப் பிரிவையும் மூடினார்கள். இரண்டு பைகளோடு ஆலங்குடாவுக்குத் திரும்பி வந்தாள்.

இப்போது அவர்களுக்குக் கல்வீடு இருக்கிறது. வாப்பா மௌத்தாகிவிட்டார், உம்மா மட்டும்தான். அந்த வீட்டில் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விடிய நாலரைக்கு உடம்பு தானாக எழும்பிவிடும். சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போவாள். இடப்பக்கம் போனால் கடல், வலப்பக்கம் போனால் பெரிய வீதி. எந்தப் பக்கம் போவதென்று நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றுவாள். தொழுகையில் மனதை நிறுத்தப் பார் என்று அவளுடைய உம்மா சொன்னா. அவள் தொழுதாள். ஆனால் நிலையில் நிற்கும்போது இது எத்தனையாவது சுற்று என்று மனம் கேட்குமாம். தொழுகையின் றக்அத்தைச் சுற்றாக எண்ணுகிறோமே, இது குற்றமா என்று பயந்து, திரும்பத் திரும்பத் தொழுவாள்.

கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. வெங்காயத் தோட்டத்தில் தரம் பிரிக்கப் போனாள், ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கான விடுதியொன்றில், காலையில் விருந்தாளிகளைக் கடற்கரையில் கூட்டிக்கொண்டு ஓடும் வேலை கிடைத்தது. அவர்கள் சிரித்துச் சிரித்து ஓடினார்கள், நடுவில் நின்று படம் எடுத்தார்கள், நண்டைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி ஓடினார்கள். இடையில் நிற்கும் ஓட்டம் என்னவென்று அவளுக்கு விளங்கவே இல்லை. மூன்றாம் நாள் போகவில்லை.

அப்போதுதான் நான் அதிபரிடம் கதைத்து எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்க அவளைக் கூட்டிவந்தேன். எல்லாரும் இதுதான் சரியான இடம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் கிழமை ஒரு பிள்ளை மைதான ஓரத்தில் வாந்தியெடுத்தது. மர்ஷூதா அதன் பக்கத்தில் நின்று எழும்பு, இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போல முழித்தாள். அடுத்த நாள் முதல் அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம்.

அதற்கு அடுத்த ஜனவரியில் என் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. உம்மாவின் பெயர் றுக்கியா. அறுபத்துமூன்று வயது. ஊரில் நாலு பேருக்கு முன்னால் சத்தமாகக் கதைக்கிற, எல்லார் வீட்டு விஷயத்திலும் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிற மனுஷி. வலப்பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சுக் குழறியது. புத்தளம் ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்து, அப்பியாசங்கள் வரைந்த தாள் ஒன்றைத் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உம்மா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா.

ஊர் வழக்கப்படி எல்லாரும் சுகம் விசாரிக்க வந்தார்கள். மர்ஷூதாவும் தன் உம்மாவோடு வந்தாள். அவளுடைய உம்மா கட்டிலருகில் இருந்து துஆ ஓதினா. மர்ஷூதா கதவு நிலையைப் பிடித்தபடி என் உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உம்மாவைத் தண்ணீர் குடிக்க எழுப்புவதற்காக வலக் கைக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

"அப்பிடித் தூக்காத அமானி, தோள் கழண்டு போகும்" என்றாள். கிட்ட வந்து உம்மாவின் முழங்காலை மடித்து, இடுப்பில் கையை வைத்து, பக்கமாக உருட்டி, கட்டிலின் ஓரத்தில் இருத்தினாள். அரை நிமிஷம் பிடிக்கவில்லை. இருபது நாளாக நானும் என் கணவரும் சேர்ந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் சுபஹ் தொழுது முடிக்கும் நேரம் அவள் தனியாக வந்து முற்றத்தில் நின்றாள். நான் கூப்பிடவும் இல்லை, அவள் காரணம் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தாள். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கும் எங்களோடு வந்து, அங்கே அப்பியாசம் கொடுக்கும் மிஸ்ஸிடம் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் பழகினாள். காலை எப்படி வைப்பது, எங்கே பிடிக்கக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும். தான் நடக்கப் பழகிய ஆறு மாதத்தைப் பற்றி மிஸ்ஸிடம் அவள் சொல்லக் கேட்டுத்தான் அந்தக் காலம் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

முதல் மாதம் நன்றாகப் போனது. உம்மா நாலு கால் பொல்லைப் பிடித்து நின்றா, பிறகு கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வந்தா. மர்ஷூதா ஒரு கொப்பியில் நேரம் எழுதத் தொடங்கினாள். கதவுக்கு நாலு நிமிஷம் பத்துச் செக்கன். அடுத்த நாள் நாலு நிமிஷம். அதற்கடுத்த நாள் உம்மாவுக்குக் களைப்பு, ஐந்து நிமிஷமானது. நேற்று செய்தீர்கள் தானே, இன்றைக்கு ஏன் முடியாது என்று அவள் கேட்டாள். மைதானத்தில் கேட்ட அதே குரல். உம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னா:

"நான் என்ன பந்தயத்துக்கா போறன், மகள்? எனக்குத் தனியாக் கக்கூசுக்குப் போகக் கிடைச்சாக் காணும்."

மர்ஷூதா கொப்பியை மூடினாள். அன்றைக்கு உம்மாவை மெதுவாகக் கட்டிலுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, குசினிக்கு வந்து என்னிடம் பிளேன்டீ கேட்டாள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் முதல் நாள் உங்கட உம்மாவப் பார்க்க வந்தது ஏனெண்டு தெரியுமா?" என்று கேட்டாள். "விழுந்து கிடக்கிறதப் பார்க்கத்தான்."

எனக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். பதினான்கு வயதில் அவள் முதல் கிண்ணம் வாங்கி வந்த கிழமை. எங்கள் தோட்டத்துப் பொதுக் கிணற்றடி. அவளும் அவளுடைய உம்மாவும் தண்ணீர் அள்ளப் போயிருக்கிறார்கள். என் உம்மா அங்கே நாலைந்து பெண்களுக்கு நடுவில் நின்று அவளுடைய உம்மாவிடம், பொம்புளப் புள்ள அரைக்கால்சட்டையோட ஓடுறதப் பார்க்கவா நாங்க உங்களுக்கு இடம் குடுத்தோம் என்று கேட்டிருக்கிறா. அவளுடைய உம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தா. அடுத்த நாள் அவளுடைய வாப்பா கணுக்கால் வரைக்கும் நீண்ட காற்சட்டை ஒன்றை வாங்கி வந்து கொடுத்து, ஓடு என்று மட்டும் சொன்னார்.

பதினேழு வருடம் அவள் ஓடியது என் உம்மாவின் அந்தச் சொல்லை வைத்துத்தான். எண்ணூறு மீற்றரில் கடைசி இருநூறில் நெஞ்சு எரியும்போது, கால் கல்லாகும்போது, அந்தக் குரலைக் காதுக்குள் கொண்டுவருவாளாம். கால் தானாகப் போகுமாம்.

"இப்ப அந்த மனுஷிய நான் நடக்கப் பழக்கிறன். இது என்ன எண்டே எனக்கு விளங்கல்ல அமானி. பாவமெண்டு வாறனா, நான் வெண்டுட்டன் எண்டு காட்ட வாறனா? காலையில எழும்பினா உங்கட வீட்டுக்குத்தான் கால் வருது. அது மட்டும் தெரியும்."

கோபப்பட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியதும் நானில்லை. என் உம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருப்பா என்று உடனே தெரிந்தது. தேநீர்க் கோப்பையை அவளிடமிருந்து வாங்கிக் கழுவி வைத்தேன். அவள் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். கொப்பி இல்லை. உம்மாவைக் கட்டிலின் ஓரத்தில் இருத்திவிட்டு, அப்பியாசத்தைத் தொடங்காமல் கதிரையை இழுத்து முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கிணற்றடியில் நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி, நினைவிருக்கிறதா மாமி என்று கேட்டாள். நான் கதவடியில் நின்றேன்.

உம்மா யோசித்தா. "நானா? எப்ப?" என்றா.

மர்ஷூதா வருடத்தைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்களின் பெயர்களைச் சொன்னாள். உம்மா தலையை ஆட்டினா. அந்தப் பெண்களில் ஒருத்தியின் மகளுக்கு அந்த வருடம் கல்யாணம் நடந்தது நினைவிருந்தது. கிணற்றில் கயிறு அறுந்தது நினைவிருந்தது. இது மட்டும் இல்லை. நோயினால் மறந்ததா என்றால் அப்படியும் தெரியவில்லை. அதற்கு முந்தியதும் பிந்தியதும் எல்லாம் சரியாகத்தான் சொன்னா.

"நான் எவ்வளவோ கதைச்சிருப்பன், மகள். சொல்லியிருந்தா மாப்புப் பண்ணு" என்று கடைசியில் சொன்னா. பிறகு, "ஞாபகமில்லாததுக்கு மாப்புக் கேக்கிறதும் ஒரு மாதிரித்தான் இருக்கு" என்றா.

மர்ஷூதா பரவாயில்லை மாமி என்றாள். அன்றைய அப்பியாசத்தை ஒன்றும் குறைக்காமல் முடித்தாள். போகும்போது படலையைச் சாத்த மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. நான் அவளுடைய வீட்டுக்குப் போனபோது அவள் அறைக்குள் படுத்திருப்பதாக அவளுடைய உம்மா சொன்னா. உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. கேள்வி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். சொன்னவருக்கே நினைவில்லாத ஒரு சொல்லோடு பதினேழு வருடம் ஓடியிருக்கிறேனே, அப்படியென்றால் நான் ஓடியது யாரோடு? நான் ஒரு தமிழ் ஆசிரியை. வகுப்பில் எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒரு விடை சொல்லிவிடுவேன். அன்றைக்கு அவளுடைய ஜன்னலைத் திறந்துவிட்டு எழும்பி வந்தேன்.

வீட்டில் உம்மா ஒவ்வொரு காலையும் அந்தப் புள்ள எங்க என்று கேட்டா. பத்தாம் நாள் நான் சுபஹ் தொழுதுகொண்டிருக்கும்போது அடுத்த அறையில் பொல்லு நிலத்தில் படும் சத்தம் கேட்டது. தொழுகையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கட்டில் வெறுமையாக இருந்தது. விழுந்துவிட்டாவோ என்று குசினிப் பக்கம் ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. வெளியே கக்கூஸ் கதவு உள்ளே பூட்டியிருந்தது. உள்ளே வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம். நான் வெளியே நின்று அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மா வெளியே வந்து, ஏன் இங்க நிக்கிறாய் என்று என்னை அதட்டினா.

நான் மர்ஷூதாவுக்கு அழைத்தேன். அன்றைக்கு எடுத்தாள். சொன்னேன்.

"எத்தின நிமிஷம் எடுத்தா?" என்று கேட்டாள். உடனே, "இல்ல, வேணாம், சொல்லாத" என்றாள்.

அடுத்த நாள் வந்தாள். தான் இல்லாத நேரத்தில் அது நடந்தது அவளுக்குச் சந்தோஷமா, ஏமாற்றமா என்று கேட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது, எது பெரிது என்று பார்க்கவில்லை என்றாள்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. கண்டக்குழியில் லத்தீப் நானா என்ற மீன்பிடிக்காரருக்கும் இதே நோய் வந்து, ஊர்க்கதை கேட்டு அவருடைய மனைவி நிஃப்லா மர்ஷூதாவைத் தேடி வந்தா. ஆண் நோயாளியைத் தொட்டுப் பழக்க அவள் சம்மதிக்கவில்லை. ஆனால் நிஃப்லாவைக் கட்டிலில் படுக்கவைத்து, அவவை நோயாளியாக வைத்தே தூக்குவது, திருப்புவது எல்லாம் காட்டிக் கொடுத்தாள். பிறகு இன்னும் இரண்டு வீடுகள். ஆஸ்பத்திரி மிஸ் இதற்கென்று முறையாகப் படித்தால் என்ன என்று கேட்டிருக்கிறா. விண்ணப்பப் படிவம் ஒன்று அவள் வீட்டு அலுமாரியில் பாதி நிரப்பியபடி இருக்கிறது. "இதைத் தெரிவு செய்ததற்கான காரணம்" என்ற இடத்தில் நின்றுபோய்விட்டது. என்னிடம் எழுதித் தரச் சொன்னாள். நான் இரண்டு வசனம் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, இது நல்லாயிருக்கு, ஆனா இது நானில்ல என்று திருப்பித் தந்தாள்.

மன அமைதி என்று ஏதாவது கிடைத்ததா என்று ஒருநாள் கேட்டேன். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். ஒருவர் நடக்கும்போது அவருடைய இடுப்புக்குப் பின்னால் தொடாமல் கையை வைத்துக்கொண்டு போவாளே, அந்த நேரத்தில் மட்டும் மனதில் ஒன்றும் ஓடுவதில்லையாம். சுற்றும் இல்லை, கிணற்றடியும் இல்லை. அந்த ஆள் கட்டிலில் உட்கார்ந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடுமாம். இதை அமைதி என்று சொல்லலாமா என்று என்னிடமே கேட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உம்மா கடலைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தா. நோய் வந்த பிறகு போகவில்லை. மணலில் பொல்லு நிற்காது, இப்போது வேண்டாம் என்று மர்ஷூதா எவ்வளவோ சொன்னாள். உம்மா கேட்கவில்லை. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோவில் மூவரும் போனோம். காற்று பலமாக இருந்தது. தூரத்தில் வெள்ளைக்காரரின் பட்டங்கள் ஆகாயத்தை நிறைத்துக்கொண்டு நின்றன. நாலு எட்டு வைத்ததும் பொல்லு மணலுக்குள் இறங்கியது. உம்மா ஆடினா. மர்ஷூதா இடுப்பைப் பிடித்து மெதுவாக, விழாமல், கீழே இருத்திவிட்டாள். உம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. நல்ல காற்று, இப்பிடியே இருப்பம் என்றா. இருந்தோம்.

எழும்பும் நேரம் வந்தபோதுதான் பிரச்சினை விளங்கியது. கட்டிலிலிருந்து எழுப்பத் தெரியும், கதிரையிலிருந்து எழுப்பத் தெரியும். வெறும் நிலத்திலிருந்து, அதுவும் மணலிலிருந்து எழுப்புவது எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். உம்மாவின் கால் வழுக்கிக்கொண்டே போனது. மர்ஷூதா பக்கத்தில் குந்தினாள்.

"இத நான் படிக்கல்ல மாமி. எனக்குத் தெரியாது" என்றாள்.

உம்மா பதறவில்லை. எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இடக் கையை மணலில் ஊன்றி மெல்லப் பக்கமாகத் திரும்பினா. மர்ஷூதா விளங்கிக்கொண்டு உம்மாவின் வலது முழங்காலை மடித்து வைத்தாள். உம்மா இரண்டு முழங்காலிலும் ஒரு கையிலுமாக நின்றா. அதற்குப் பிறகு எழும்பவில்லை. தலையைத் தாழ்த்தி நெற்றியை மணலில் வைத்தா. ஆறு மாதமாகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறா, நெற்றி நிலத்தில் பட்டதே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தா என்று தெரியாது. மர்ஷூதா பக்கத்தில் முழங்காலிட்டு, உம்மாவின் முதுகுக்கு மேல் தொடாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இடது காலை முன்னால் வைத்து, மர்ஷூதாவின் தோளைப் பிடித்து உம்மா எழும்பினா. நெற்றியெல்லாம் மணல். துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு ஓட்டோவில் ஏறினா.

வீட்டுக்கு வந்த பிறகு மர்ஷூதாவிடம் கேட்டேன், உம்மா தலையைத் தாழ்த்தியபோது உன் மனதில் என்ன இருந்தது என்று.

"பயம்" என்றாள். பிறகு, "பயம்தானா எண்டும் தெரியாது" என்றாள். நாளைக்கு வேளையோடு வந்து மணலில் எழும்புவதைப் பழக்க வேண்டும், முற்றத்தில் கொஞ்சம் மணல் கொட்டி வை என்று சொல்லிவிட்டுப் போனாள்.